தென்னை போன பிறகு எல்லை எங்கே?

(வாசகர் கேள்வி–பதில். பதில் எழுதுபவர், மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் கடற்றொழில் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

போன மாதம் ஒரு கரைவலைப் பாட்டுத் தகராறை, அதாவது வலை வளைத்து இழுக்க ஒதுக்கிய கரைத் துண்டு எவருடையது என்ற சண்டையைப் பற்றி எழுதி, "வட துருவக் கடலிலும் இதே கதைதான்" என்று ஒரு வரியில் முடித்திருந்தேன். வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான்.

தகராறை வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருக்கோவில் பக்கம் ஒரு கரையில் அடுத்தடுத்து இரண்டு பாடுகள். நடுவில் எல்லை ஒரு கூனல் தென்னை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து தென்னையைப் பிடுங்கியது, கரையையும் உள்ளே தள்ளிவிட்டது. பிறகு ஒரு பருவத்தில் கீரி மீன் கூட்டமாக வந்தபோது, வலை வளைப்பது ஆர் என்று இரண்டு பகுதியும் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். கோப்பைப் புரட்டினேன். "வடக்கு எல்லை: தென்னை மரம்" என்று மட்டும் இருந்தது. பழைய ஆட்களை விசாரித்து, நாடா பிடித்து அளந்து, ஒரு கொங்கிறீட் கட்டையை நட்டுவிட்டு வந்தேன்.

இனிக் கடிதங்கள்.

சேர், துருவத்தில் ஐஸ் உருகினால் அங்கே இருக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். எங்களுக்கு டீசல் விலையே தலைக்கு மேலே நிற்கிறது. இது நமக்கு எதற்கு?
— மீன் வியாபாரி, சாய்ந்தமருது

கோபம் நியாயம்தான். ஆனால் உங்களுக்கு 2015 ஞாபகம் இருக்க வேண்டும். அந்த வருடம் ஜனவரியில் இருந்து 2016 ஜூன் வரை ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை வாங்கவில்லை. நம்முடைய ஆழ்கடல் படகுகளின் கணக்கும் கண்காணிப்பும் சரியில்லை என்பதுதான் காரணம். எங்கோ ஒரு ஊரில் எழுதிய விதி வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த படகு வரைக்கும் வந்தது. செய்மதிக் கருவி படகில் ஏறியது அதன் பிறகுதான். கடல் சட்டம் ஒரே வலை, காக்கா. ஒரு மூலையை இழுத்தால் மற்ற மூலை அசையும்.

இன்னொன்று, இந்தச் சட்டத்துக்கு நாம் அந்நியர் இல்லை. 200 கடல் மைல் எல்லையை உலகத்துக்குத் தந்த 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்டச் சமவாயத்துக்கான மாநாட்டில் 1973 தொடக்கம் தலைவராக இருந்தவர் இலங்கையர், ஷேர்லி அமரசிங்க. 1980இல் அவர் இறக்கும்வரை அந்தக் கதிரையில் இருந்தார். கையெழுத்தான நாளைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவர் பெயரை நான் கண்டதில்லை.

மூன்றாவது காரணம் சொந்தக் காரணம். என் அக்கா குடும்பம் நோர்வேயின் வடக்கு முனையில், போட்ஸ்ஃபியூர் என்ற சிற்றூரில் இருந்தது. அந்தப் பக்கத்து மீன் ஆலைகளில் எண்பதுகளில் இருந்தே நம்ம ஆட்கள் கத்தி பிடித்தவர்கள். 2011 மார்ச்சில் நான் போனேன். தெருவெல்லாம் இடுப்பளவு பனி, துறைமுகத் தண்ணீர் மட்டும் உறையாமல் கறுப்பாகக் கிடந்தது. "தெற்கேயிருந்து சூட்டு நீரோட்டம் வருகுதடா தம்பி, அதுதான் எங்களுக்குச் சோறு போடுகுது" என்றா அக்கா. சூடு கூடக் கூட அந்த பாரென்ட்ஸ் கடலில் கொட் மீன் இன்னும் வடக்கே பரவியது. 2013இல் நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து வைத்த பிடி அளவு 10 லட்சம் தொன். பிறகு இளம் மீன் குறைந்தது. 2025க்கு வைத்தது 3,40,000 தொன். 1991க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைத்து வைத்ததில்லை. இந்த இரண்டு நாடும் 1976 முதல் ஒரு கூட்டு ஆணைக்குழுவில் உட்கார்ந்து கொட் மீனைச் சரிபாதி என்ற கணக்கில் பிரிக்கின்றன. பனிப்போர் நடந்தபோதும் பிரித்தார்கள், இப்போது முகம் பார்க்காத காலத்திலும் பிரிக்கிறார்கள். நம்ம சங்கங்களில் ஒரு ஐஸ் பெட்டியைப் பிரிக்கவே பொலிஸ் வர வேண்டும்.

யாருமே மீன் பிடிக்காத இடத்தில் மீன்பிடிக்கத் தடை என்று ஒரு ஒப்பந்தம் இருக்கிறதாம். பகிடியா ஐயா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பகிடி இல்லை ரீச்சர். நான் வாசித்த கடல் சட்டங்களில் புத்தி கூடினது அதுதான்.

வட துருவத்தைச் சுற்றி ரஷ்யா, நோர்வே, கனடா, அமெரிக்கா, கிறீன்லாந்தை வைத்திருக்கும் டென்மார்க் ஆகிய ஐந்தும் தங்கள் 200 மைலை எடுத்த பிறகு நடுவில் ஒரு பொதுக்கடல் மிஞ்சுகிறது. 28 லட்சம் சதுரக் கிலோமீற்றர். நம்ம நாட்டைப் போல நாற்பதுக்கு மேல் அடுக்கலாம். நேற்று வரைக்கும் அது வருடம் முழுவதும் ஐஸ் மூடிய கடல், சட்டம் தேவைப்படவில்லை, ஐஸே பூட்டு. இப்போது சில கோடைகளில் ஐந்தில் இரண்டு பங்கு வரை திறந்து கிடக்கிறது. பூட்டு உருகினால் கதவுக்கு ஆர் பொறுப்பு?

2018 ஒக்டோபர் 3இல் கிறீன்லாந்தின் இலுலிசாட் என்ற ஊரில் ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்துப் போட்டன. கரை நாடுகள் ஐந்து மட்டும் இல்லை. தூரத்தில் இருந்து பெரிய கப்பல் அனுப்பக்கூடிய சீனா, ஜப்பான், தென்கொரியா, ஐஸ்லாந்து எல்லாம் உள்ளே. 2021 ஜூன் 25இல் நடைமுறைக்கு வந்தது. 16 வருடத்துக்கு வியாபார மீன்பிடி இல்லை. அதற்குள் எல்லாரும் சேர்ந்து அங்கே என்ன மீன், எவ்வளவு, எதைத் தின்று வாழ்கிறது என்று ஆராய வேண்டும். 2037இல் எவரும் எதிர்க்காவிட்டால் ஐந்தைந்து வருடமாக நீளும். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் நீளாது. அது பலவீனம்தான், மறைக்கவில்லை. கையெழுத்துப் போடாத நாட்டின் கொடியைக் கட்டிக்கொண்டு வரும் கப்பலை இந்தக் கடதாசி நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது இரண்டாவது பலவீனம்.

இந்த முன்யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? சூடுபட்டதில் இருந்து. பேரிங் கடலின் நடுவிலும் இதே மாதிரி ஒரு பொதுக்கடல் துண்டு, வடை ஓட்டை போல. 1980களின் கடைசியில் பல நாட்டுக் கப்பல்கள் அதற்குள் புகுந்து பொலக் மீனை வருடத்துக்கு 10 லட்சம் தொன்னுக்கு மேல் அள்ளின. 1992இல் வலையில் ஒன்றும் இல்லை. 1994இல் ஒப்பந்தம் எழுதினார்கள். இன்றுவரை அந்த மீன் திரும்பவில்லை, கடலும் திறக்கவில்லை. மீன் இருக்கும்போது சட்டம் இல்லை, சட்டம் வந்தபோது மீன் இல்லை.

என் சேவைக் காலம் முழுக்க நான் கண்டது இந்தப் பேரிங் கடல் வகைதான். சுருக்குவலையோ லைட் பூட்டிப் பிடிப்பதோ, புதிதாக ஒன்று கரைக்கு வரும். "கெடுதி என்று நிரூபியுங்கோ, விடுகிறோம்" என்பார்கள். நிரூபிக்க மூன்று வருடம் ஆகும். மீனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இலுலிசாட்டில் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள்: கெடுதி இல்லை என்று தெரிந்த பிறகு வா. நிரூபிக்கும் சுமை தோள் மாறியது. அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கூட்டம், அறிக்கை, படிச்செலவு.

மீன் ஒரு நாட்டின் கடலில் இருந்து இன்னொரு நாட்டின் கடலுக்குக் குடிபெயர்ந்தால் உரித்து ஆருக்கு?
— ஆழ்கடல் படகு உரிமையாளர், வாழைச்சேனை

இதற்குத்தான் நான் தென்னைக் கதையைச் சொன்னேன்.

வட அத்திலாந்திக்கில் நம்ம கும்பளாவின் சொந்தக்கார மீன் ஒன்று உண்டு. மக்கெரல். காலம்காலமாக பிரித்தானியா, அயர்லாந்து, நோர்வே பக்கத்து மீன். தண்ணீர் சூடேறிய வருடங்களில் கோடை மேய்ச்சலுக்கு வடமேற்கே ஐஸ்லாந்து வரை போகத் தொடங்கியது. 2006 வரை ஐஸ்லாந்து பிடித்தது பெயருக்குக் கொஞ்சம். 2008இல் ஒரு லட்சம் தொன்னைத் தாண்டியது. மற்றவர்கள் கத்தினார்கள்: "இது எங்கள் மீன், எங்களிடம் கணக்கு இருக்கிறது." ஐஸ்லாந்து சொன்னது: "எங்கள் கடலுக்குள் வந்து எங்கள் கடலில் தின்று கொழுக்கிறது, நாங்கள் பார்த்துக்கொண்டு இருப்பதா?"

என் மேசைக்கு முன்னால் நின்ற இருவரும் இதையேதான் சொன்னார்கள். ஒருவர்: "அப்பன் காலத்தில் இருந்து எங்கட பாடு." மற்றவர்: "மீன் இப்ப நிற்கிறது என்ட வாடிக்கு முன்னால."

சட்டம் என்ன சொல்கிறது? 1982ஆம் ஆண்டுச் சமவாயத்தின் 63ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். இரண்டு நாட்டுக் கடலிலும் திரியும் மீனைப் பற்றி அந்த நாடுகள் உடன்பாட்டுக்கு வர *முயல வேண்டும்*. முயன்றால் போதும். வராவிட்டால் என்ன என்று இல்லை. எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சமவாயத்தில் காலநிலை மாற்றம் என்ற சொல்லே இல்லை. மீன் நிற்கிற இடத்தில் நிற்கும், தென்னை நிற்கிற இடத்தில் நிற்கும் என்று நினைத்த காலம் அது.

2014இல் ஐரோப்பிய ஒன்றியமும் நோர்வேயும் பரோ தீவுகளும் ஒரு பங்கீட்டுக்கு வந்தன. ஐஸ்லாந்து வெளியே. ஒவ்வொருவரும் தன் பங்கைத் தானே எழுதிக்கொள்ள, எல்லாவற்றையும் கூட்டினால் விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டியது. 2019இல் அந்த மீனுக்கு இருந்த 'நிலைத்த மீன்பிடி' என்ற சான்றிதழ் இடைநிறுத்தப்பட்டது. 2026க்கு விஞ்ஞானிகள் சொன்ன அளவு, அதற்கு முந்திய வருடத்துக்குச் சொன்னதை விட ஏறத்தாழ 70 வீதம் குறைவு. இங்கே கெட்ட ஆள் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. ஐஸ்லாந்து கேட்டது நியாயம், பிடித்த விதம் நியாயமில்லை. மற்றவர்களின் கணக்குப் புத்தகம் உண்மை, அதைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்க மறுத்தது பிழை.

நான் சொல்வது, பங்கை ஒரே தரம் வெட்டி வைக்கக் கூடாது. சில வருடத்துக்கு ஒருமுறை கடலில் போய் எண்ணி, மீன் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் பங்கு மெதுவாக நகர வேண்டும். ஒரே நாளில் நகர்த்தினால் பழைய ஊர் பட்டினி, நகர்த்தாவிட்டால் புது ஊர் களவு. உங்கள் சூரைக்கும் கெளவள்ளைக்கும் இந்து சமுத்திரச் சூரை மீன் ஆணைக்குழுவில் பங்கு பேசும்போது இதே வாக்குவாதம்தான் நடக்கும். உங்கள் பதிவேட்டில் பிடித்த இடத்தை ஒழுங்காக எழுதுங்கள். "கிழக்கே தூர" என்று எழுதிய பதிவேடுகளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வாவியில் நண்டு குறைகிறது. அலாஸ்காவில் கோடிக்கணக்கில் நண்டு காணாமல் போனதாக மகன் சொல்கிறான். ஆர் பிடித்தது?
— நண்டு வலை வைக்கும் குடும்பம், நாவற்குடா

ஒருவரும் பிடிக்கவில்லை தங்கச்சி. பட்டினியில் செத்தன.

கிழக்கு பேரிங் கடலின் பனிநண்டு, கடலடியில் 2 பாகைக்கும் குறைந்த குளிர்நீர்த் தேக்கத்தில் வளர்வது. ஐஸ் உருகும்போது உண்டாகும் தேக்கம் அது. நண்டைத் தின்னும் கொட் மீனுக்கு அந்தக் குளிர் ஒத்துவராது, அதனால் குஞ்சு நண்டுக்கு அது கோட்டை. 2018, 2019இல் கடல் சூடேறி ஐஸ் குறைந்தது, கோட்டை சுருங்கியது. சூட்டில் நண்டுக்குப் பசி கூடும். நெருக்கமாக இருந்த கூட்டத்துக்கு இரை காணவில்லை. 1000 கோடி அளவில் அழிந்ததாக 2023இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. 2022இல் வரலாற்றில் முதன்முறையாக அந்தப் பருவத்தையே மூடினார்கள். 2024இல் சின்ன அளவில் திறந்தார்கள்.

சட்டத்தின் கோமாளித்தனம் ஒன்றையும் பாருங்கள். அமெரிக்கச் சட்டப்படி இருப்பு ஒரு கோட்டுக்குக் கீழே விழுந்தால் அதற்குப் பெயர் 'அளவுமீறிப் பிடிக்கப்பட்ட இனம்'. 2021இல் அந்தப் பெயரைத்தான் பனிநண்டுக்கு வைத்தார்கள். கொன்றது வெப்பம், ஏச்சு வாங்கியது வலைக்காரன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கச்சான் காலத்தில், மழை பொய்த்து வாவி வற்றிச் சுட்ட நேரம், வெள்ளாப்பில் ஒரு ஊர்க் கரையில் மீன் மிதந்தது. போய்ப் பார்த்தேன். அறிக்கைப் படிவத்தில் காரணத்துக்கு மூன்று கட்டம்: தடைசெய்த வலை, வெடி, நஞ்சு. தண்ணீரின் சூட்டை எழுத ஒரு கட்டம் இல்லை. வெறுமையாக அனுப்பினால் திரும்பி வரும். நான் முதல் கட்டத்தில் சரி போட்டேன். அந்த ஊர் ஆட்கள் இரண்டு பேரின் வலை பறிபோனது. அவர்கள் இதை வாசித்தால், ஓம், அது நான்தான்.

கிரில் எண்ணெய் மாத்திரை இருதயத்துக்கு நல்லதா?
— வாசகர், அக்கரைப்பற்று

வைத்தியரைக் கேளுங்கள். நான் நெத்தலித் தீயல் சாப்பிடுகிறவன்.

அந்தாட்டிக்காவின் கடலை ஆளும் ஆணைக்குழுவில் இந்தியா இருக்கிறது. இலங்கை ஏன் இல்லை? அங்கே சட்டம் காலநிலைக்கு ஏற்ப மாறியிருக்கிறதா?
— மாணவி, கிழக்குப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலை

இலங்கை சேரவில்லை மகள். அங்கே நமக்குக் கப்பலும் இல்லை, ஆய்வும் இல்லை. உங்களைப் போல ஒருவர் படித்துப் போனால் பிறகு யோசிக்கலாம்.

அந்த ஆணைக்குழு 1982இல் தொடங்கியது, தலைமையகம் ஒஸ்திரேலியாவின் ஹோபார்ட். 27 உறுப்பினர். முழு உடன்பாடு இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஒருவர் தலையாட்ட மறுத்தால் கூட்டம் கலைந்தது. 2016இல் ரொஸ் கடலில் 15 லட்சம் சதுரக் கிலோமீற்றருக்கு மேல் பாதுகாத்தார்கள், பெரிய காரியம். அதன் பிறகு கிழக்கு அந்தாட்டிக்காவுக்கும் வெடல் கடலுக்கும் கேட்டவற்றைச் சீனாவும் ரஷ்யாவும் வருடாவருடம் தடுத்து நிற்கின்றன.

கிரில் என்பது சின்னிறால் மாதிரி ஒரு உயிர். அதன் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடல் ஐஸின் அடியில் ஒட்டியிருக்கும் பாசியைத் தின்று பிழைக்கும். ஐஸ் போனால் தொட்டில் போனது. அத்திலாந்திக் பக்கத்துக் கடலில் ஒரு பருவத்துக்கு வைத்த பிடி அளவு 6,20,000 தொன். அந்தக் கடலில் 2019இல் எண்ணிய 6 கோடியே 26 லட்சம் தொன்னில் இது ஒரு வீதம்தான். ஒரு வீதம் என்றால் பயமில்லை என்று தோன்றும். ஆனால் கப்பல்கள் கூடுவது பென்குயினும் திமிங்கிலமும் இரை தேடும் அதே கரையோரத்தில். பாலமீன்மடு முகத்துவாரத்தை மறித்து வலை கட்டிவிட்டு, "முழு வாவியில் இது எத்தனை வீதம்?" என்று கேட்பது போல. அந்த அளவை இடம் இடமாகப் பிரித்து வைத்த விதி ஒன்று இருந்தது. 2024 கூட்டத்தில் அதைப் புதுப்பிக்க உடன்பாடு வரவில்லை, காலாவதியானது. அடுத்த பருவத்திலேயே, 2025 ஓகஸ்டில், முதன்முறையாக முழு அளவும் பிடிபட்டுப் பருவம் முடிய நாலு மாதம் இருக்கும்போதே மூடினார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு நல்ல பதிலும் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. 2016இல் அதே ஆணைக்குழு ஒரு விதி எழுதியது: அந்தாட்டிக் தீபகற்பப் பக்கத்தில் ஒரு ஐஸ் தட்டு உடைந்து புதுக்கடல் வெளிப்பட்டால், அது முதலில் இரண்டு வருடம் ஆராய்ச்சிக்கான சிறப்பு இடம். பிறகு பத்து வருடம் வரை நீட்டலாம். இனி உருகப்போகும் கடலுக்கு முன்கூட்டியே எழுதிய விதி. தென்னை நிற்கும்போதே, "இது விழுந்தால் எங்கே அளப்பது" என்று கோப்பில் எழுதி வைத்த மாதிரி. எனக்கு முன் இருந்தவர் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் நான் நாடா பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்க மாட்டேன்.

ஹம்பேர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் 2024 மே 21இல் சொன்ன ஆலோசனைக் கருத்தையும் தேடி வாசியுங்கள். கரியமிலப் புகையும் கடலை மாசாக்குவதுதான் என்றும், காலநிலையால் ஆபத்தில் உள்ள கடல்வாழ் உயிர்களைக் காக்கும் கடமை நாடுகளுக்கு உண்டு என்றும் சொன்னது. அந்தக் கருத்தைக் கேட்டது சின்னத் தீவு நாடுகள்.

ஐயா, நீங்கள் எழுதிய தென்னை எங்கட கரைத் தென்னை. நான் தெற்குப் பாட்டில் வலை இழுத்தவன். நீங்கள் நட்ட கட்டை இப்ப கடலுக்குள்ள நிற்குது. இடுப்பளவு தண்ணி. நாங்கள் அதைப் பார்க்கிறதில்லை. இரண்டு பகுதியும் நாள் மாறி வளைக்கிறோம், ஒற்றை நாள் அவங்கட, இரட்டை நாள் எங்கட. கந்தோரில் இது தெரியாது. தெரிந்தால் பிழையா?
— பெயர் வேண்டாம்

பிழை இல்லை அண்ணன். 31ஆம் திகதிக்கு அடுத்த நாள் 1ஆம் திகதி, இரண்டும் ஒற்றை. அதற்கு என்ன செய்கிறீர்கள்? வருகிற போயா கழிந்து மருமகனின் மோட்டார் சைக்கிளில் வருகிறேன். கட்டை நிற்கும் ஆழத்தை அளக்க வேண்டும், நாடா என்னிடம் இன்னும் இருக்கிறது.